அவர்கிட்ட சொல்லிடாதீங்க

தண்ணி வேணாம் தம்பி. பாட்டில மூடி வைங்க. வேர்க்குதுதான், இல்லேங்கல. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தா வேர்க்காம என்ன பண்ணும்? தப்பா நினைச்சுக்காதீங்க. யாராவது தண்ணிய நீட்டினாலே எனக்கு ஆகாது. அது தொழில்ல வந்த பழக்கம். சொல்றேன், ஆடுதுறை வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். நீங்க மாயவரமா? அப்ப உங்களுக்கு நிறைய நேரம் இருக்கு.

நான் கோர்ட்டு அமீனாவா இருந்தவன். பேரு மாசிலாமணி. கும்பகோணத்துல முப்பத்தோரு வருஷம் வீடு வீடாப் போயி சம்மன் குடுத்தவன். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, விவாகரத்து, எல்லாத்துக்கும் நாந்தான் தூதுவன். ஒரு வீட்லயும் என்னை வாங்கன்னு கூப்பிட்டதில்ல. என் சைக்கிள் பெல் சத்தம் கேட்டாலே உள்ள ஒருத்தன் கட்டிலுக்கு அடியில போயிடுவான். பொண்டாட்டி வாசல்ல வந்து நிப்பா. "அவரு ஊர்ல இல்ல." எங்க போயிருக்காரு? "பம்பாய்." அந்தப் பம்பாய்க்காரனோட கால் ரெண்டும் கட்டிலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்.

அதுல நான் ஒண்ணு கத்துக்கிட்டேன் தம்பி. ஆள் உள்ள இருந்தா நம்மளத் திட்டுவாங்க. "உனக்கு வேற பொழப்பு இல்லையா, விளங்குவியா நீ"ன்னு தெருவே கூடுற மாதிரி கத்துவாங்க. திட்டு விழுந்தா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம். ஆனா சில வீட்ல கதவ மெதுவாத் தொறப்பாங்க. நம்மளப் பார்த்து லேசா சிரிப்பாங்க. "வெயில்ல வந்திருக்கீங்களே, தண்ணி குடிக்கிறீங்களா"ம்பாங்க. நான் அப்படியே சம்மன மடிச்சுப் பையில வச்சிருவேன். ஆள் போய்ச் சேந்தாச்சு, கோர்ட்டுக்குத்தான் இன்னும் சேதி வரல. முப்பத்தோரு வருஷத்துல இது ஒரு தடவகூடத் தப்பினதில்ல.

இந்த மாசி மாசம் எனக்கு நெஞ்சுவலி வந்துச்சு. ஒரு டாக்டரு கையிலேந்து ஒயர விட்டு ஸ்டென்ட் வச்சாரு. நல்ல மனுஷன். வச்சுட்டு சும்மா போயிருக்கலாம். போறப்ப என் பையன் குமரேசன்கிட்ட, "அப்பாவுக்கு டென்ஷன் மட்டும் ஆகவே கூடாது. அதிர்ச்சி தர்ற விஷயம் எதையும் சொல்லாதீங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. நான் பக்கத்துலதான் கண்ண மூடிப் படுத்திருக்கேன். எல்லாம் காதுல விழுது.

அன்னிக்குப் புடிச்சது சனியன். வீட்ல டிவி செய்தி கிடையாது. யாரோ ஒருத்தன் நாள் முழுக்கத் தவில் வாசிக்கற சேனல் மட்டும்தான். என் போனப் பையன் வாங்கி வச்சுக்கிட்டு ஒரு பட்டன் போனக் குடுத்தான். அதுல நாலே நாலு நம்பர். நாலும் ஒரே வீட்ல, எனக்கு எதிர்லயே உட்கார்ந்திருக்கறவங்க நம்பர். பேப்பர் வரும். வர்றப்பவே அங்கங்க ஜன்னல் வெட்டியிருக்கும். மருமக நித்யா கத்திரிக்கோலோட உட்கார்ந்து, சாவு, விபத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டுத்தான் எங்கிட்டக் குடுப்பா. ஒருநாள் முதல் பக்கத்துலயே முறம் அளவுக்கு ஓட்டை. அடேயப்பா, எவ்வளவு பெரிய ஆள் போயிட்டானோன்னு அன்னிக்குப் பூரா எனக்கு பிபி நூத்தி எழுபதுக்குக் கீழ இறங்கல. கடைசியில பார்த்தா அது புடவைக்கடை தள்ளுபடி விளம்பரம். அவளுக்கு வேணும்னு வெட்டி எடுத்து வச்சிருக்கா.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். சிரிச்சாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. என் வீட்டுக்காரி தமயந்தி, கல்யாணமான நாப்பத்தஞ்சு வருஷத்துல என்னைப் பார்த்து மொத்தமா ஒரு பத்து தடவ சிரிச்சிருப்பா. அதுலயும் நாலு தடவ நான் வழுக்கி விழுந்தப்ப. இப்ப காப்பி டம்ளரோட வந்து சிரிக்கிறா. மருமக சிரிக்கிறா. பையன் ஆபீஸ்லேந்து வந்து செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே சிரிக்கிறான். "அப்பா, தண்ணி வேணுமாப்பா?" என் தொழில் அனுபவத்துல அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஒருவேளை நாந்தான் போய்ச் சேந்துட்டேனோன்னு தொடையக் கிள்ளிப் பார்த்துக்கிட்டேன் தம்பி. நெசமாச் சொல்றேன்.

நான் டென்ஷன் ஆகற ஆளே கிடையாது. அதுதான் இதுல கொடுமை. ஆபீஸ்ல என்னைப் பத்திக் கேட்டாச் சொல்லுவாங்க. பேத்தி பதினொண்ணாவதுல கணக்குல பெயில்னு முன்னாடி ஒரு தடவ சேதி வந்துச்சு. நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. டம்ளரத்தான் விட்டெறிஞ்சேன். அது யார் மேலயும் படல, அலமாரிக் கண்ணாடியிலதான் பட்டுச்சு. ரெண்டு நாள் சாப்பிடல. அவ்வளவுதான். இதுக்குப் பேரு டென்ஷனா? ஒரு மனுஷன் ரெண்டு நாள் சாப்பிடாம இருக்கக் கூடாதா சொந்த வீட்ல?

அப்புறம் ஒரு கவுன்சலிங் மேடத்துக்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. மனசுக்கு டாக்டராம். சின்னப் பொண்ணு, நல்லாத்தான் பேசுச்சு. நாலு எண்ணி மூச்ச இழுங்க, நாலு எண்ணி நிறுத்துங்க, ஆறு எண்ணி விடுங்கன்னுச்சு. நானும் தினம் காலைல பண்ணேன். ஒண்ணு சொல்லணும், மூச்ச நிறுத்தி வச்சா மூளை நல்லா வேலை செய்யுது. யாரு செத்திருப்பான்னு வரிசையா யோசிக்க அவ்வளவு வசதி. "உங்க மனசுல என்னய்யா குறை?"ன்னு கேட்டுச்சு. "எங்கிட்ட யாரும் எதையும் சொல்ல மாட்டேங்கறாங்கம்மா"ன்னேன். தலைய ஆட்டி எழுதிக்கிச்சு. எழுதிட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க, உங்க பையன்கிட்டப் பேசணும்"னு என்னை அனுப்பிட்டுக் கதவச் சாத்திக்கிச்சு. இதை நான் எங்க போயிச் சொல்றது?

அந்தப் பொண்ணு உள்ள என்ன சொல்லுச்சோ தெரியல. மறுநாள்லேந்து பையன் தினம் காலைல ஏழு மணிக்கு எதிர்ல வந்து நிப்பான். தொண்டையச் செருமுவான். "அப்பா, பால் திரிஞ்சு போச்சு." மூஞ்சியப் பார்ப்பான். நான் நல்லா இருக்கேன்னு தெரிஞ்சதும் போயிடுவான். அடுத்த நாள், "அப்பா, மிக்ஸி ரிப்பேரு." அதுக்கடுத்த நாள், "மாடியில தண்ணித் தொட்டி ஒழுகுதுப்பா." மாத்திரை குடுக்கற மாதிரி தினம் ஒரு கெட்ட சேதி, ஆகாரத்துக்கு முன்னாடி. முப்பத்தோரு வருஷம் ஊர்ல உள்ளவன் குடும்பத்தையெல்லாம் பிரிச்சு வச்ச சேதிய நேர்ல குடுத்தவன் தம்பி நான். எனக்கு மிக்ஸி.

எனக்கு ஒருத்தன் சேதிதான் வேணும். கோதண்டபாணி. நான் பாணின்னுதான் கூப்பிடுவேன். அதே கோர்ட்டுல டவாலியா இருந்தவன். ஜட்ஜய்யா ரூம் வாசல்ல நின்னு மூணு தடவ பேரக் கூப்பிடுவானே, அந்த வேலை. அவன் கூப்பிட்டா பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டு இருக்கற கட்சிக்காரன் கிளாஸ வச்சுட்டு ஓடி வருவான். அப்படி ஒரு தொண்டை. நான் சம்மன் குடுத்து வரவைப்பேன், அவன் பேரச் சொல்லி உள்ள கூப்பிடுவான். ரிட்டையர்டு ஆன பிறகு ஆடுதுறையில பையன், மருமகளோட இருக்கான். வாரம் ஒரு தடவ வந்து என்னைத் திட்டிட்டுப் போவான். எனக்கு நெஞ்சுவலின்னு தெரிஞ்சும் வராம இருக்கற ஆள் கிடையாது.

ஒரு வாரம் பார்த்தேன், ரெண்டு வாரம் பார்த்தேன். "பாணி வரலையா?"ன்னேன். தமயந்தி சிரிச்சா. "அவரு பூனாவுக்குப் போயிருக்காரு, பொண்ணு வீட்டுக்கு." பூனாவாம். அவன் சப்பாத்தியக் கண்ணுல பார்த்தாலே வயத்த வலிக்குதும்பான். பொண்ணு பத்து வருஷமாக் கூப்பிட்டும் போகாதவன். எனக்குப் புரிஞ்சு போச்சு. என் வீட்டு வாசல்லயே எனக்குப் பம்பாய் கதை சொல்றாங்க. பாணி போயிட்டான். காரியம்கூட முடிஞ்சிருக்கும். என்கிட்டச் சொல்லல.

அழல நான். அழுதா பிபி மிஷினோட ஓடி வருவாங்க. பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுக்கிட்டு அழுதேன். அதுக்கும் கதவத் தட்டி, "அப்பா, ரொம்ப நேரமாத் தண்ணி ஓடுதே"ன்னான்.

இதோ, திருவிடைமருதூர் வந்தாச்சு. கோபுரம் தெரியுது பாருங்க. இங்கதான் நடந்துச்சு.

வைகாசி அமாவாசை அன்னிக்கு, முடி வெட்டிக்கிட்டு வர்றேன்னு வீட்ல சொல்லிட்டு பஸ் ஏறினேன். பாணிக்கு ஒரு மோட்ச தீபமாவது ஏத்தணும்ல? அவன் ஊருக்கும் எங்க ஊருக்கும் நடுவுல இருக்கற கோயில், ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசற கோயில். குருக்களத் தேடிக்கிட்டுப் பிரகாரத்துல போறேன். அவரு எனக்கு முதுகக் காட்டி நின்னு யார்கிட்டயோ கேட்டுக்கிட்டு இருக்காரு. "காலமானவர் பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

"மாசிலாமணி! அவிட்டம்!"

பிரகாரமே அதிர்ந்துச்சு. தூண்ல இருந்த புறா எல்லாம் பறந்துச்சு. கோர்ட்டு வாசல்ல நின்னு கேட்ட அதே சத்தம். என் வாய் பழக்க தோஷத்துல, "ஆஜர்"னு சொல்லிடுச்சு.

திரும்பிப் பார்த்தான் பாணி. ஒரு கையில குச்சி, வாய் லேசாக் கோணியிருக்கு. அவனுக்கும் அதே மாசியில தலை சுத்தி விழுந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சாம். அவன் டாக்டரும் அதே பாட்டைத்தான் பாடியிருக்காரு, டென்ஷன் ஆகக் கூடாதுன்னு. நான் எங்கன்னு கேட்டதுக்கு அவன் மருமக சுகன்யா, "மாமா பெங்களூருக்குப் போயிருக்காங்க"ன்னு சிரிச்சிருக்கா. ரெண்டு வீடும் போன்ல பேசி வச்சுக்கிட்டு ரெண்டு பேரையும் ஊர விட்டு அனுப்பியிருக்காங்க தம்பி. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சாகலயாடா நீ?"ன்னான். "உனக்கு விளக்கு ஏத்தத்தான் வந்தேன்"னேன். அப்புறம் அந்தப் பிரகாரத்துல உட்கார்ந்து ரெண்டு கிழவனும் அழுத அழுகையில, குருக்கள் பயந்து போயி ரெண்டு பேருக்கும் விபூதி பூசிவிட்டாரு.

அன்னிலேந்து வாரா வாரம் வியாழக்கிழமை. வீட்ல சொல்லல. சொன்னா டென்ஷன் ஆயிடுவாங்க, சின்னஞ்சிறுசுங்க. பாணி, டாக்டர்கிட்டக் காட்டிட்டு வர்றேன்னு கிளம்புவான், நான் முடிவெட்டப் போறேன்னு கிளம்புவேன். என் தலையப் பார்க்கறீங்க? வாராவாரம் வெட்டறதுக்கு இதுல என்ன இருக்குன்னு நினைக்கறீங்க. தமயந்தி கேக்கவே இல்லையே. அதுவும் முடிவெட்டப் போறவனுக்கு ஒரு பொட்டலத்துல முறுக்கு கட்டிக் குடுப்பா. ரெண்டு ஆள் உட்கார்ந்து திங்கற அளவுக்கு இருக்கும். அவளுக்கு என்னிக்குமே அளவு தெரியாது.

எங்களுக்குள்ள ஒரு சட்டம். கெட்ட சேதி மட்டும்தான் பேசணும். யாரு செத்தா, யாருக்கு என்ன வியாதி, எந்தப் பய சொத்துக்கு அண்ணன் தம்பி அடிச்சுக்கறான், எல்லாம். ஆறுதல் சொல்லக் கூடாது. "எல்லாம் சரியாயிடும்"னு சொன்னா அந்த வாரம் டீ வாங்கிக் குடுக்கணும். அவன் சொல்லுவான், "ராத்திரி படுத்தா காலைல எந்திரிக்க மாட்டேனோன்னு பயமா இருக்குடா." நான், "எனக்கும்தான்"னுவேன். அவ்வளவுதான். முறுக்கு திம்போம். கிளம்பிடுவோம். தூக்கம் வர ஆரம்பிச்சுது தம்பி. பிபி இறங்கிடுச்சு. டாக்டர் மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னாரு. மேடம் மூச்சுப் பயிற்சி வேலை செய்யுதுன்னுச்சு. பையன், அவன் சொல்ற மிக்ஸி கதை வேலை செய்யுதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். நினைச்சுக்கட்டும்.

இருங்க, போன் அடிக்குது. வீட்டுக்காரிதான்.

அலோ. ம்... கடையிலதான் இருக்கேன். கூட்டம், எனக்கு முன்னாடி நாலு பேரு. என்ன சத்தமா? அது... வெளிய பஸ் போவுது. ம்... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். ம்? சரி. சரி, வைக்கறேன்.

அவளுக்கு சுகர் தம்பி. எங்க போறேன்னு சொன்னா தாங்க மாட்டா, மனசு லேசான பொம்பளை. சில விஷயத்தை அவங்ககிட்டச் சொல்லாம இருக்கறதுதான் நல்லது. "பத்திரமா வாங்க"ங்கறா. தெரு முனையில இருக்கற சலூன்லேந்து பத்திரமா வரணுமாம். வயசாயிடுச்சு அவளுக்கும்.

எங்க விட்டேன்? ஆங். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை பாணி வரல. மழை பெய்ஞ்சுது, சரின்னு விட்டுட்டேன். போன வியாழக்கிழமையும் வரல. கோயில் நடை சாத்தற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். முறுக்குப் பொட்டலத்தப் பிரிக்காம அப்படியே வீட்டுக்குக் கொண்டாந்து அடுக்களையில வச்சுட்டேன். மறுநாள் வீட்டுக்குத் தெரியாம எதிர்த்த டீக்கடையில போன் வாங்கி அவன் நம்பருக்கு அடிச்சேன். கோயில்ல வச்சு அவன் நம்பரக் கேட்டு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். மருமகதான் எடுத்துச்சு.

இந்த சுகன்யா இருக்கே, அது எங்கிட்ட மரியாதையாப் பேசினதே கிடையாது. நான் போனாலே, "வந்துட்டீங்களா, ரெண்டு பேரும் சேந்து வெத்தலையப் போட்டு எச்சி துப்பி வைக்கவா?"ன்னு கேக்கும். அதுதான் எனக்குப் பிடிக்கும், மனசுல ஒண்ணும் வச்சுக்காத பொண்ணு. அது அன்னிக்கு போன்ல சொல்லுது, "மாமாவா? எப்படி இருக்கீங்க மாமா? உடம்பப் பார்த்துக்குங்க. அவங்க பூனாவுக்குப் போயிருக்காங்க. வந்ததும் பேசச் சொல்றேன் மாமா."

எத்தனை மாமா எண்ணுனீங்களா? நான் எண்ணினேன்.

எனக்கு ஒண்ணும் டென்ஷன் இல்ல. போன தடவையும் இதே பூனாதானே சொன்னாங்க? போன தடவை அவன் சாகலையே. ஒரு பொய்ய ரெண்டு தடவ சொல்லுவாங்க, எல்லா வீட்லயும் சொல்றதுதான். திரும்ப விழுந்திருப்பான். படுத்த படுக்கையா இருப்பான். பேச்சு வராம இருக்கலாம், அதனால என்ன? அவன் முப்பது வருஷத்துக்குப் பேச வேண்டியத ஏற்கெனவே கத்தி முடிச்சுட்டான். நான் பேசுவேன், அவன் கேட்கட்டும். உள்ளதான் கிடப்பான். கட்டிலுக்கு அடியில பூந்துக்கிட்டாலும் சரி, கால் தெரியும் எனக்கு.

இந்தாங்க, முறுக்கு எடுத்துக்குங்க. பொட்டலம் இன்னிக்குச் சின்னதா இருக்கு. என்ன இது, ரெண்டே ரெண்டு வச்சிருக்கா. போன வாரம் திங்காமத் திருப்பிக் கொண்டாந்தேன்ல, அதான் குறைச்சுட்டா போல. இருங்க தம்பி, கோச்சுக்காதீங்க, உங்களுக்குக் குடுக்கல. நானும் பாணியும் ஆளுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கறோம்.

ஆடுதுறை வந்துடுச்சு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க. கண்டக்டர், ஒரு ஆள் இறங்கணும், விசில் குடுத்துடாதீங்க. அந்தப் பச்சைக் கேட்டு போட்ட வீடு தெரியுதா, அதான். போயி மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிடுவேன், அவன் கூப்பிடற மாதிரியே. அந்தப் பொண்ணு வெளிய வரணும். வந்து, "எங்கள நிம்மதியா இருக்கவே விடமாட்டீங்களா, உங்கள யாரு இங்க வரச் சொன்னா"ன்னு கத்தணும். தெருவே எட்டிப் பார்க்கற மாதிரி என்னைத் திட்டணும். என் தலைமுறையே விளங்காதுன்னு சொல்லட்டும், கேட்டுக்கிட்டு நிக்கறேன்.

வெயில்ல வந்திருக்கீங்களே மாமா, தண்ணி குடிக்கிறீங்களான்னு மட்டும் கேட்டுடக் கூடாது.